கீழ்த் திருப்பதி லட்டு

மலை லட்டுக்கும் கீழே கடையில் விற்கும் லட்டுக்கும் உள்ள வித்தியாசம் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை திருப்பதிக்குப் போவேன். மலை ஏற மாட்டேன். ஸ்டேஷன் பக்கத்து இனிப்புக் கடையில் லட்டு வாங்கி, எப்போதோ யாரோ கொடுத்த பிரசாதக் கவரில் மாற்றிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவேன். அத்தை, என் வீட்டுக்காரரின் அம்மா, அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பிறகு உதிர்த்து, அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கிள்ளிக் கிள்ளி அனுப்புவார். வாங்கியவர்களும் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வாயில் போட்டார்கள். யாருக்கும் வயிறு வலிக்கவில்லை. எனக்குத்தான் அது இன்றுவரை செரிக்கவில்லை.

எங்கள் ஊர் நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் இருக்கிறது. வீட்டில் தமிழ், கடையிலும் பள்ளிக்கூடத்திலும் மண்டல ஆபீசிலும் தெலுங்கு. நான் கல்யாணமாகி வந்தபோது வீட்டின் பின்பக்கம் தறிக் கொட்டகையில் பவர்லூம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் எதைச் சொல்வதானாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும். பிறகு நூல் விலை ஏறியது, எங்கிருந்தோ மலிவுத் துணி வந்து குவிந்தது, தறி ஒவ்வொன்றாக நின்றது. கடைசியில் அவற்றைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். என் வீட்டுக்காரர் குவைத்துக்குப் போனார், ஓர் அரபி வீட்டில் டிரைவராக. கொஞ்ச காலத்தில் தம்பியையும் அழைத்துக்கொண்டார். அப்போது எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் குவைத்திலோ பெங்களூரிலோ மெட்ராஸிலோ இருந்தார்கள். இல்லாத வீட்டைத்தான் என்ன விஷயம் என்று விசாரிப்பார்கள்.

வீடு மாறியது. ஓடு போய்த் தளம் வந்தது, ஃப்ரிட்ஜ் வந்தது, தெருவே வந்து அதில் ஐஸ் கட்டி வாங்கிப் போனது. வீட்டுக்காரர் மாதம் ஒரு கேசட் பேசி அனுப்புவார். விடுப்பில் வருகிறவர் யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள். பதில் கேசட் பேசும் நாள் எங்கள் வீட்டில் ஒரு விசேஷம். முதலில் அத்தை பேசுவார். பிறகு என் பிள்ளைகள் பாடம் ஒப்பிப்பார்கள். கடைசியில் என் முறை வரும்போது கூடம் முழுக்க ஆட்கள் இருப்பார்கள். நல்லாயிருக்கேன், உடம்பைப் பாத்துக்கோங்க என்பதற்கு மேல் நான் எதுவும் பேசியதில்லை. வெட்கப்படுகிறாள் என்று சிரிப்பார்கள்.

எனக்கு எப்போது ஆரம்பித்தது என்று சொல்லத் தெரியவில்லை. தூக்கம் போனது. பிறகு சோறு போனது. வாயில் போட்டால் ஈர மண்ணை மென்ற மாதிரி இருக்கும். அடுப்படியில் கரண்டியைக் கையில் பிடித்தபடி, எதற்காக எடுத்தேன் என்று தெரியாமல் நின்றுகொண்டிருப்பேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு ஓடி வருவதைப் பார்த்தால் சந்தோஷம் வர வேண்டும் என்று தெரியும். வராது. அதுதான் எல்லாவற்றையும் விடப் பயமாக இருந்தது. அத்தையிடம் ஒரு நாள் மனசு சரியில்லை என்று வாயைத் திறந்தேன். அவர் கெட்டவர் இல்லை. பூசணிக்காய் சுற்றி உடைத்தார், சாம்பிராணி போட்டார். போட்டுவிட்டுச் சொன்னார்: "உனக்கு இன்னாடி கொறச்சல்? அவன் அங்க வெயில்ல காஞ்சிக்கினு கீறான். நீ நெழல்ல குந்திக்கினு மனசு சரியில்லன்ற."

அவர் சொன்னதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. எனக்கே அதே கேள்விதான் இருந்தது. ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் வீட்டுக்காரர் வெயிலில் நிற்பது போல ஒரு குற்ற உணர்ச்சி வரும். அவர் அனுப்பிய துணியை உடுத்திக்கொண்டு அழுவது திருட்டுத்தனம் போல இருந்தது. எங்கள் பக்கத்தில் கை கால் முறிந்தால் ஜீப்பில் ஏற்றி, ஊரே கூட வந்து, புத்தூர் கட்டுக்குக் கொண்டுபோவார்கள். கட்டோடு திரும்பி வருகிறவரைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு வரிசையில் வருவார்கள். என்னைப் பார்க்க வர அப்படி ஒரு கட்டு இல்லை. தலை என்னவோ ஆகிவிட்டது என்று தெரிந்தால் ஒரே ஒரு வார்த்தைதான் உண்டு: பிச்சி. பைத்தியத்துக்குத் தெலுங்கு வார்த்தைதான், ஆனால் இரண்டு பாஷைக்காரர்களும் அதைப் பொதுவில் வைத்துப் புழங்கினோம்.

தலைவலி என்று சொல்லிப் புத்தூரில் ஒரு லேடி டாக்டரிடம் போனேன். அந்த அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, திருப்பதியில் ஒரு நரம்பு டாக்டர் இருக்கிறார், போய்ப் பார் என்றார். நரம்பு என்ற வார்த்தையால் நான் பிழைத்தேன். வேறு பேரைச் சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டேன். வீட்டில் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. திருப்பதிக்கு எதற்கு என்று அத்தை கேட்டபோது, வாய் தானாகச் சொன்னது: "அவரு நல்லபடியா இருக்கணும்னு வேண்டிக்கினேன் அத்த. மாசம் ஒரு சனிக்கெழம பெருமாளைப் பாக்கறன்னு."

அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. திருப்பதி பக்கத்திலேயே இருப்பதில் இது ஒரு வசதி. அங்கே போகிறேன் என்று சொன்னால் உலகத்தில் எவனும் மறு கேள்வி கேட்க மாட்டான்.

டாக்டரின் இடம் ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு சந்தில் இருந்தது. போர்டில் மனநோய் என்று இருந்த தெலுங்கு எழுத்தைக் கூட்டிப் படித்துவிட்டு, நான் திரும்பி நடந்தே விட்டேன். சந்து முனை வரை வந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு மறுபடி போனேன். டாக்டர் வயசானவர், தெலுங்குக்காரர். என் தெலுங்கு கடைத் தெலுங்கு. அரிசி வாங்குவேன், ரேஷன் கடைக்காரனோடு சண்டை போடுவேன், பிள்ளைகளின் சாரிடம் பேசுவேன். எனக்குள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு அதில் ஒரு வார்த்தையும் இல்லை. யோசித்துப் பார்த்தால் என் தமிழிலும் இருக்கவில்லை. அவர் சுலபமாகவே கேட்டார். "நித்ர வஸ்துந்தா? அன்னம் திண்டுன்னாவா?" தூக்கம் வருகிறதா, சோறு சாப்பிடுகிறாயா. இதை அதுவரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நான் உடைந்து அழுதேன். அவர் பதறாமல், "அழு அம்மா, பர்வாலேது," என்று தனக்குத் தெரிந்த அரைத் தமிழில் சொல்லிவிட்டு, மின்விசிறியை என் பக்கம் திருப்பினார்.

இது வியாதிதான், மருந்து இருக்கிறது, நடுவில் நிறுத்தக் கூடாது, மாதா மாதம் வர வேண்டும் என்றார். அடுத்த தடவை வீட்டிலிருந்து யாரையாவது கூட்டிக்கொண்டு வா என்றார். முடியாது என்று நான் தலையை ஆட்டிய வேகத்தைப் பார்த்து அதற்கு மேல் கேட்கவில்லை.

அப்படித்தான் லட்டு ஆரம்பித்தது. டாக்டரைப் பார்த்து முடிக்க மதியமாகிவிடும். பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப வேண்டும். மலைக்குப் போய்க் கூட்டத்தில் நின்று வர ஒரு நாள் போதாது. பொய் சொல்வது எனக்கு இவ்வளவு கைவரும் என்று நான் நினைத்ததே இல்லை. திரும்பி வரும் பஸ்ஸில் மொட்டைத் தலையோடு சந்தனம் பூசி உட்கார்ந்திருப்பவர் பக்கத்தில் இடம் பிடிப்பேன். இன்றைக்குக் கூட்டம் எப்படி, எவ்வளவு நேரம் நின்றீர்கள், உள்ளே தள்ளிவிட்டார்களா என்று கேட்டுக்கொள்வேன். வீட்டுக்கு வந்து அதையே என் தரிசனமாகச் சொல்வேன். வீட்டுக்கு விலக்கான நாளில் டாக்டரிடம் போக வேண்டி வந்தால் அதையும் மறைத்துக்கொண்டு கிளம்புவேன். கோவிலுக்குப் போகாதவளுக்கு அதில் என்ன பாவம் என்று என்னையே கேட்டுச் சிரித்துக்கொண்டதும் உண்டு.

விஷயம் தெருவில் பரவியது. பெண்கள் மஞ்சள் துணியில் காசு முடிந்து கொண்டுவந்து தந்தார்கள். பிள்ளைக்கு அம்மை இறங்கியது, மகனுக்கு விசா வந்தது, உண்டியலில் போட்டுவிடு என்றார்கள். நான் அவற்றைக் கீழே கோவிந்தராஜர் கோவில் உண்டியலில் போட்டேன். மலை மேலே இருப்பவருக்கு இவர் அண்ணன். தம்பி வாங்கிய கல்யாணக் கடனுக்குக் காசு அளந்து களைத்து, மரக்காலைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பவர் இவர்தான் என்பார்கள். அண்ணன் தம்பிக்குள் சேர்ப்பித்துக்கொள்வார்கள் என்று சமாதானம் செய்துகொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவளுக்குச் சமாதானத்துக்கா பஞ்சம்.

மாத்திரை வேலை செய்தது. ஒரு நாள் காலையில் ரசம் கொதிக்கும் வாசனை மூக்கில் ஏறி, பசி என்று ஒன்று வந்தது. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து கையில் ரசத்தை ஊற்றிக் குடித்தேன். பிள்ளைகள் ஓடி வருவதைப் பார்த்து ஒரு நாள் நானாகவே சிரித்தேன். பெருமாள் முகத்தில் விழித்து விழித்து இவள் முகம் தெளிந்துவிட்டது என்று தெரு பேசியது. கஷ்டம் என்று வருகிறவர்களுக்கு அத்தை என்னைக் கூப்பிட்டுக் குங்குமம் வைக்கச் சொல்வார். நான் வைப்பேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கு அது பிடித்திருந்தது. பிச்சி என்று பேர் வாங்க வேண்டியவள் பக்தை என்று பேர் வாங்கிவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் என் ஓரகத்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. கொழுந்தனாரின் பெண்டாட்டி. வெதுருகுப்பம் பக்கத்துப் பெண், என்னை விட ஏழெட்டு வயது சின்னவள். வந்த புதிதில் வாய் ஓயாமல் பேசுவாள். அவர்கள் வீட்டில் புரட்டாசி தவறாமல் நடந்தே மலைக்குப் போகிறவர்கள். குழந்தை பிறந்த சில மாதத்தில் அவள் பேச்சு நின்றுவிட்டது. பால் பொங்கி அடுப்பு அணைவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். குழந்தை அழும், அவள் தறி போன வெறுங் கொட்டகையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். சோம்பேறி என்றார்கள், தாய்வீட்டு நினைப்பு என்றார்கள். எனக்கு மட்டும் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. கரண்டியைப் பிடித்துக்கொண்டு அவள் நின்ற நிற்பு என்னுடையது.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வந்தது. எனக்குத் தெரியும். அப்படியும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஒரு மத்தியானம் குழந்தைக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். அவள் கஞ்சியைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள். "நீ எப்டிக்கா தேறின?" என்று கேட்டாள்.

நான் சொன்னேன்: "பெருமாள்தான். வேற யாரு?"

என் கையில் இருந்த கஞ்சிக் கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு, "நானும் வரட்டாக்கா, வர்ற சனிக்கெழம?" என்றாள்.

இன்றைக்கும் அந்த இடத்தில்தான் நான் நின்றுகொண்டிருக்கிறேன். சரி வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார வைத்து, கேட்டைத் தாண்டி அந்தச் சந்துக்குள் கூட்டிப் போயிருக்கலாம். ஆனால் அவள் தெரிந்துகொண்டால் அத்தைக்குத் தெரியும். அத்தைக்குத் தெரிந்தால் அடுத்த கேசட்டில் குவைத்துக்குப் போகும். இரண்டு மருமகளும் பிச்சி என்றால் நாளைக்கு என் பிள்ளைகளுக்கு யார் சம்பந்தம் பேச வருவார்கள்? இதெல்லாம் நான் அப்போது யோசித்த காரணங்கள். சொல்லாத காரணம் ஒன்று உண்டு. குங்குமம் வைக்கிற கையை நான் விட விரும்பவில்லை.

"கைக்கொழந்தைய வெச்சிக்கினு அந்தக் கூட்டத்துல எப்டி நிப்ப? உம்பேர்ல நானே வேண்டிக்கினு வரேன்," என்றேன். அவள் தலையை ஆட்டினாள். மறுநாள் மஞ்சள் துணியில் ஒரு காசு முடிந்து கொண்டுவந்து கையில் வைத்தாள். அதையும் கோவிந்தராஜரிடம்தான் போட்டேன். அந்த மாதம் அவளுக்கென்று தனியாக ஒரு முழு லட்டு வாங்கி வந்தேன். அவள் அதை மூக்கருகே கொண்டுபோனாள், பிறகு அலமாரியில் வைத்துவிட்டாள். எறும்பு மொய்த்த பிறகு அத்தை எடுத்து மாட்டுக்குப் போட்டார்.

டாக்டரிடம் இதை நான் சொல்லாமலும் இல்லை. எங்கள் வீட்டில் இன்னொருத்திக்கும் இப்படி இருக்கிறது என்றேன். கூட்டிக்கொண்டு வா என்றார். அடுத்த மாதம் என்றேன். அடுத்த மாதமும் கேட்டார், நானும் அதையே சொன்னேன். பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

இடையில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. மாத்திரை அட்டையை நான் திருநாமப் பெட்டியில், நாமக்கட்டிக்கு அடியில் வைத்திருப்பேன். அதை வேறு யாரும் திறப்பதில்லை. ஒரு தடவை மாதம் முடிவதற்குள் மாத்திரை தீர்ந்துவிட்டது. நான்தான் நினைவில்லாமல் இரண்டு வேளை போட்டுக்கொண்டேனோ என்று குழம்பினேன். அடுத்த மாதமும் அப்படியே குறைந்தது. பிள்ளைகள் கை வைத்துவிட்டால் ஆபத்து என்று பயந்து, அட்டையை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைத் தாலிக் கயிற்றில் கோத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு குறையவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

அவளுக்கு முற்றிக்கொண்டு போனது. அத்தை காளஹஸ்திக்குக் கூட்டிப் போய் ராகு கேது பூஜை செய்தார். வேப்பிலை அடிக்கிற ஒருவரை வரவழைத்தார். அவர் கொட்டகையில்தான் காத்துக் கருப்பு இருக்கிறது என்று சொல்லி அதற்குப் பூட்டுப் போட வைத்தார். உட்கார்ந்திருக்க அவளுக்கு இருந்த ஒரே இடமும் போயிற்று. அவள் குளிக்கக்கூட எழுந்திருக்காத நிலை வந்ததும் தாய்வீட்டுக்குச் சொல்லியனுப்பினார்கள். அவள் அண்ணன்கள் ஒரு வேன் கொண்டுவந்தார்கள். துணிமணிகளை மூட்டை கட்டியது நான்தான். வழிக்கு என்று அதில் ஒரு லட்டையும் வைத்தேன். வேறு எதைக் கொடுப்பதென்று எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல ஆசைதான். தெரியும். பீரோவில் இருந்தது.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வேனில் ஏறினாள். கொழுந்தனார் விடுப்பில் வந்தபோது அவளைப் போய்ப் பார்க்கவில்லை. பைத்தியத்தைக் கட்டி வைத்து ஏமாற்றிவிட்டார்கள் என்றார். அடுத்த விடுப்பில் அவருக்கு வேறு இடத்தில் பெண் பார்த்தார்கள். அந்தக் கல்யாணத்தில் நானும் பந்தி பரிமாறினேன்.

அத்தை காலமானார். என் வீட்டுக்காரர் குவைத்தை முடித்துக்கொண்டு வந்து சித்தூரில் ஒரு கடை போட்டார், நாங்கள் அங்கே குடி போனோம். திருப்பதி டாக்டரும் இப்போது இல்லை. நான் இன்னமும் குறைந்த அளவில் ஒரு மாத்திரை போட்டுக்கொள்கிறேன். அதற்காகச் சித்தூர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். அங்கே கூட்டம் அதிகம். யார் எதற்கு வந்தார்கள் என்று யாரும் கவனிப்பதில்லை. வீட்டில் பி.பி. பார்க்கப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

போன மாம்பழ சீசனில் ஒரு நாள், அந்த ஓ.பி. வரிசையில் என் பக்கத்தில் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். சேலை முந்தானையில் மாம்பழக் கூழ் காய்ந்த கறை. முகம் திரும்பியதும் அடையாளம் தெரிந்துவிட்டது. தலை பாதி நரைத்து, உடம்பு தேறி, கண்ணில் பழைய துறுதுறுப்போடு அவள்தான். என் வாய் பழைய வேலையைச் செய்தது.

"கண்ணு காட்ட வந்தேன்," என்றேன்.

"கண்ணு டாக்டரு அந்தப் பக்கம்க்கா," என்றாள். அவள் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. கையில் இருந்த பிளாஸ்டிக் பையில் மாத்திரை அட்டைகள் வெளியே தெரிந்தன. அதே பையில் டிபன் பாக்ஸும் இருந்தது.

அவளாகவே சொன்னாள். சித்தூர் பக்கம் மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் வேலை. மகள் நர்சிங் படிக்கிறாள். ஒரு வருஷம் ஃபேக்டரியில் வேலை செய்யும்போது கையில் பழத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாளாம். கூட வேலை செய்த ஒருத்தி, எனக்கும் இப்படித்தான் இருந்தது, வா என்று கையைப் பிடித்து இங்கே கூட்டிவந்தாளாம். "அவ யாரு, என்னான்னுகூட எனக்கு அப்போ தெரியாது," என்றாள். "எம் பொண்ணு அஞ்சாவது படிச்சிக்கினு இருந்தா. அதுக்கு முன்ன அவ எப்டி வளந்தான்னு எனக்கு நெனப்பே இல்ல."

உன்னை நான் அன்றைக்கு மலைக்குக் கூட்டிப் போயிருக்கலாம் என்றேன். இவ்வளவு காலத்துக்குப் பிறகும் மலை என்றுதான் வந்தது.

"நான் மலைக்கு வரேன்னு எங்கக்கா சொன்னேன்?" என்றாள். "உங்கூட வரேன்னுதான் கேட்டேன்."

லட்டில் பச்சைக் கற்பூர வாசனை இல்லை என்று அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. இவள் மலைக்குப் போகவில்லை, அப்படியானால் எங்கே போகிறாள் என்று யோசித்திருக்கிறாள். திருநாமப் பெட்டியைத் துடைத்து வைக்கும்போது அட்டை கையில் கிடைத்திருக்கிறது. நகரியில் ஒரு மருந்துக் கடையில் காட்டிக் கேட்டு, எதற்கான மாத்திரை என்று தெரிந்துகொண்டிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் கொட்டகையில் என்னைக் கேட்டாள்.

"அப்போ என்னை நேரா கேட்டிருக்கலாமே," என்றேன். என் குரல் எனக்கே கோபம் போலக் கேட்டது.

"நீயே அத்தினி ஒளிச்சி வெச்சிருந்தியா. வெளிய தெரிஞ்சா ரொம்ப அசிங்கம் போலன்னு நெனச்சிக்கினேன். நீ பெருமாள்னு சொன்னதும் அது உறுதியாச்சி." மடியில் இருந்த பையைச் சரிசெய்துகொண்டாள். "அப்புறம் நானே உன்து ஒண்ணொண்ணு எடுத்துப் போட்டுக்கினேன். எத்தினின்னு எனக்கென்ன தெரியும்? கொஞ்சம் தூக்கம் வந்திச்சி. ஒரு நாளு கொழந்தைக்கித் தலகூட வாரினேன். அப்புறம் நீ பீரோல வெச்சிப் பூட்டிட்ட."

அவளைக் கூப்பிட்டார்கள். எழுந்து, எல்லார் முன்னாலும் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். போகும்போது, மகளுக்கு வரன் பேசுகிறோம், நிச்சயமானால் பத்திரிகை வைக்க வருகிறேன், வீடு எங்கே என்று கேட்டாள். சொன்னேன். அவள் திரும்பி வரும்வரை நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். என்னைக் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து, மாத்திரை அட்டையை எடுத்து அடுப்படி அலமாரியில் உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். மாலையில் என் வீட்டுக்காரர் அதைப் பார்த்து எதற்கு என்று கேட்டார். மனசுக்கு, நீங்கள் குவைத்தில் இருந்த காலத்திலிருந்து என்றேன். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றைக்குக் கேசட்டில் சொல்லியிருக்கலாமே என்றார். கூடம் நிறைய ஆட்கள் இருந்தார்கள் என்றேன்.

அட்டை இப்போதும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் வாசலில் உறவுக்காரர் குரல் கேட்டால், என் கை என்னைக் கேட்காமலே போய் அதைப் புளிப்பானைக்குப் பின்னால் தள்ளிவிடுகிறது. அவர்கள் போன பிறகு மறுபடி முன்னால் எடுத்து வைக்கிறேன். அவள் பத்திரிகையோடு வரும் நாளிலாவது அந்தக் கையைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். அவள் அடுப்படிக்குத்தான் முதலில் வருவாள்.